லண்டன் பாதாள ரயில்: எத்தனை நிலையங்கள், எவ்வளவு நீளம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் பாதாள ரயிலில் எத்தனை நிலையங்கள் என்று நாலு பேரிடம் கேட்டால், ஒருவர் 270 என்பார், ஒருவர் 272 என்பார், பழைய பொது அறிவுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் 275 என்பார், நியூயார்க்கோடு ஒப்பிட்டுப் பேச வருபவர் இன்னும் வேறொரு கணக்கைச் சொல்வார். இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. எந்த ஆண்டில் எண்ணினார்கள், எதை ஒரு நிலையமாகக் கொண்டார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. படிக்கவும் பணிக்காகவும் லண்டனுக்கு வருகிறவர்களும் போட்டித் தேர்வுகளுக்குத் தயார் செய்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளைக் கீழே தருகிறோம்.

இன்றைய நிலையில் சரியான விடை என்ன?

11 தடங்கள், 272 நிலையங்கள், ஏறத்தாழ 402 கிலோமீட்டர் நீளம். தேர்வுக்கு எழுத இது போதும். இந்த 272 என்ற எண் 2021 செப்டம்பர் 20 முதல் நடைமுறையில் உள்ளது. அன்றுதான் நார்தர்ன் தடம் கென்னிங்டனிலிருந்து நீட்டப்பட்டு, நைன் எல்ம்ஸ், பேட்டர்சீ பவர் ஸ்டேஷன் என்ற இரு புதிய நிலையங்கள் திறக்கப்பட்டன.

அப்படியானால் 270, 275 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன?

இரண்டும் ஒரு காலத்தில் சரியாக இருந்தவைதாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 275 நிலையங்கள் இருந்தன. 2006-இல் ஷோர்டிச் நிலையம் மூடப்பட்டது. 2007 டிசம்பரில் ஈஸ்ட் லண்டன் தடம் முழுவதுமே பாதாள ரயிலிலிருந்து பிரிக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்ட பிறகு 2010-இல் ஓவர்கிரவுண்ட் என்ற வேறொரு ரயில் அமைப்பின் பகுதியாக மீண்டும் திறக்கப்பட்டது. வைட்சாப்பலும் கனடா வாட்டரும் வேறு தடங்களிலும் இருந்ததால் கணக்கில் தப்பின. சர்ரே கீஸ், நியூ கிராஸ், நியூ கிராஸ் கேட், ரோதர்ஹித், வாப்பிங், ஷாட்வெல் ஆகிய ஆறும் வெளியேறின. ஆக 275-இலிருந்து ஒன்றும் ஆறும் கழிய, மிச்சம் 268. அடுத்த ஆண்டே ஹீத்ரோ விமான நிலையத்தின் 5-ஆம் முனையமும் வுட் லேன் நிலையமும் சேர்ந்து 270 ஆயிற்று. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் 272.

இதில் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ரோதர்ஹித்துக்கும் வாப்பிங்குக்கும் இடையே தேம்ஸ் நதிக்கு அடியில் செல்வது புரூனல்கள், தந்தையும் மகனுமாகச் சேர்ந்து உருவாக்கி 1843-இல் திறந்த சுரங்கம். கப்பல் போகும் ஆற்றுக்கு அடியில் உலகில் முதன்முதலில் வெட்டி முடிக்கப்பட்ட சுரங்கம் அதுவே. அந்தச் சுரங்கத்தில் ஓடும் ரயில் இன்று பாதாள ரயில் கணக்கில் சேராது. பூமிக்கு மேல் என்று பொருள்படும் ஓவர்கிரவுண்ட் கணக்கில்தான் சேரும்.

ஒவ்வொரு தடத்தின் நிலையங்களையும் கூட்டினால் 272 வரவில்லையே?

வராது. கூட்டிப் பார்ப்போம். டிஸ்ட்ரிக்ட் தடத்தில் 60, பிக்காடிலியில் 53, நார்தர்னில் 52, சென்ட்ரலில் 49, சர்க்கிளில் 36, மெட்ரோபாலிட்டனில் 34, ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டியில் 29, ஜூபிலியில் 27, பேக்கர்லூவில் 25, விக்டோரியாவில் 16, வாட்டர்லூ அண்ட் சிட்டியில் 2. மொத்தம் 383. ஒரே நிலையத்தைப் பல தடங்கள் பகிர்ந்துகொள்வதால் இந்த வேறுபாடு எழுகிறது. கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்கிராஸ் நிலையம் ஆறு தடங்களுக்குப் பொதுவானது. தடவாரியாகக் கூட்டும்போது அந்த ஒரே நிலையம் ஆறு முறை எண்ணப்பட்டுவிடுகிறது. சர்க்கிள் தடத்தின் 36 நிலையங்களும் வேறு ஏதேனும் ஒரு தடத்தின் கணக்கில் முன்பே வந்துவிட்டவை. அந்தத் தடத்தையே நீக்கிவிட்டாலும் 272 என்ற எண் குறையாது.

விக்டோரியா தடத்தில் இதற்கு நேர்மாறான ஓர் அரிய நிலையம் இருக்கிறது. அதன் 16 நிலையங்களில் பிம்லிக்கோ ஒன்றில் மட்டுமே வேறு எந்த ரயிலுக்கும் மாற முடியாது. மற்றவை எல்லாம் சந்திப்பு நிலையங்கள்.

ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே, அவற்றை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா?

இரண்டாக. எட்ஜ்வேர் ரோடு என்ற பெயரில் இரண்டு நிலையங்கள் உள்ளன. ஒன்றில் பேக்கர்லூ ரயில்கள் நிற்கும். மற்றதில் சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயில்கள் நிற்கும். இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை, ஆனால் நடுவே மேம்பாலத்தோடு கூடிய பெரிய சாலை ஓடுகிறது. உள்ளே இணைப்புப் பாதை கிடையாது. "எட்ஜ்வேர் ரோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்" என்று ஒருவர் தொலைபேசியில் சொல்ல, "நானும் அங்கேதான் நிற்கிறேன்" என்று மற்றவர் சொல்ல, இருவரும் ஒருவரை ஒருவர் காணாமல் கால் மணி நேரம் நிற்பது ஊருக்குப் புதியவர்களுக்கு நேர்வதுதான். எந்தத் தடத்து வாசல் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஹாமர்ஸ்மித்திலும் இதே கதை: டிஸ்ட்ரிக்ட், பிக்காடிலி ரயில்களுக்கு ஒரு நிலையம், சாலையைக் கடந்து சென்றால் சர்க்கிளுக்கும் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டிக்கும் இன்னொரு நிலையம்.

ஷெப்பர்ட்ஸ் புஷ் என்ற பெயரிலும் நெடுங்காலம் இரண்டு நிலையங்கள் இருந்தன. 2008-இல் ஒன்றுக்கு ஷெப்பர்ட்ஸ் புஷ் மார்க்கெட் என்று பெயர் மாற்றி அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டார்கள்.

பேங்க், மான்யுமென்ட் ஆகியவை இரண்டு நிலையங்களா, ஒன்றா?

வரைபடத்தில் இரண்டு பெயர்கள். காலால் நடந்து பார்த்தால் ஒன்று. 1933-இல் நகரும் படிக்கட்டு அமைத்து இரண்டையும் பூமிக்கு அடியில் இணைத்துவிட்டார்கள். பயணச்சீட்டு வாயிலைத் தாண்டாமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். அந்தச் சுரங்க நடைபாதைகளில் வளைந்து வளைந்து நடக்கும்போது, நாம் எந்த இடத்தில் ஒரு நிலையத்தை விட்டு அடுத்த நிலையத்துக்குள் வந்தோம் என்று சொல்லவே முடியாது.

இதற்கு எதிரான போக்கும் உண்டு. இன்றைய சாரிங் கிராஸ் நிலையம் 1979 வரை டிரஃபால்கர் ஸ்கொயர், ஸ்ட்ராண்ட் என்ற இரு தனி நிலையங்களாக இருந்தது. ஜூபிலி தடம் திறக்கப்பட்டபோது இரண்டையும் இணைத்து ஒரே பெயர் வைத்தார்கள். ஒரு கல்லும் இடிந்து விழாமல் நிலையங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. பிறகு 1999-இல் ஜூபிலி தடமே வேறு வழியில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குத் திருப்பப்பட்டதால், அதற்காகக் கட்டிய நடைமேடைகள் பயணிகளுக்கு மூடப்பட்டன.

402 கிலோமீட்டர் என்பது எதன் நீளம்?

ரயில் ஓடும் வழித்தடத்தின் நீளம். போக ஒரு தண்டவாளம், வர ஒரு தண்டவாளம் என்று தனித்தனியாக அளந்து கூட்டிய நீளம் அன்று. ஒரே இருப்புப்பாதையை இரண்டு மூன்று தடங்கள் பகிர்ந்துகொள்ளும் இடங்களும் ஒரு முறைதான் கணக்கில் வரும். தடங்களின் நீளங்களைத் தனித்தனியே கூட்டினால், சென்ட்ரல் 74, பிக்காடிலி 71 என்று தொடங்கி, மொத்தம் 470 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். நிலையக் கணக்கில் பார்த்த அதே காரணம்தான்: சர்க்கிள் தடத்துக்குச் சொந்தம் என்று சொல்லத்தக்க இருப்புப்பாதை இரண்டே இரண்டு சிறு துண்டுகள், மற்ற தூரம் முழுவதும் மெட்ரோபாலிட்டனோடும் டிஸ்ட்ரிக்டோடும் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டியோடும் பகிர்ந்துகொண்டுதான் ஓடுகிறது. போதாக்குறைக்கு, 2009 டிசம்பரிலிருந்து அது வட்டமாகவும் ஓடுவதில்லை. ஹாமர்ஸ்மித்தில் புறப்பட்டு, நகரை ஒரு சுற்றுச் சுற்றி, எட்ஜ்வேர் ரோடில் நின்றுவிடுகிறது. பெயர் மட்டும் வட்டம்.

இந்தப் பாதைகளில் தூரத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறார்கள் என்பது இன்னொரு சுவையான செய்தி. நகரின் நடுவிலிருந்து அளப்பதில்லை. எசெக்ஸ் மாவட்டத்திலுள்ள ஆங்கர் என்ற சிற்றூர் நிலையம்தான் சுழியக் கிலோமீட்டர். சென்ட்ரல் தடத்தின் கிழக்கு முனையாக இருந்த அந்த நிலையம் 1994 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. ரயில் இன்று எப்பிங்கோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் பாதையோரத்துத் தூரப் பலகைகள் இன்றும் பாதாள ரயில் போகாத அந்த ஊரிலிருந்தே தூரத்தைச் சொல்கின்றன. எல்லாப் பலகைகளையும் பிடுங்கி மாற்றி எழுதுவதைவிட இப்படியே விட்டுவிடுவது எளிது என்பது தெளிவு.

பாதாள ரயில் முழுவதும் பூமிக்கு அடியில்தான் ஓடுகிறதா?

இல்லை. பெயரை நம்பி வருகிறவர்களுக்கு முதலில் ஏற்படும் ஏமாற்றம் இதுதான். மொத்த நீளத்தில் ஏறத்தாழ 45 விழுக்காடு மட்டுமே சுரங்கத்துக்குள் செல்கிறது. மீதி 55 விழுக்காடு வானம் பார்த்த பாதை. சுரங்கத்திலும் இரண்டு வகை உண்டு. தெருவைத் தோண்டி, பள்ளத்தில் தண்டவாளம் போட்டு, மேலே கூரை வேய்ந்து மூடிய ஆழமில்லாத வகை ஏறத்தாழ 32 கிலோமீட்டர். களிமண்ணுக்குள் வட்டமாகக் குடைந்து சென்ற ஆழமான வகை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். டியூப், அதாவது குழாய், என்ற செல்லப் பெயர் இரண்டாவது வகைக்குத்தான் முதலில் பொருந்தியது. பிறகு எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

பயணிகள் செல்லும் தூரம் முழுவதும் பூமிக்கு அடியிலேயே இருப்பவை விக்டோரியாவும் வாட்டர்லூ அண்ட் சிட்டியும் மட்டுமே. விக்டோரியா ரயில்கள்கூட இரவில் பணிமனைக்குப் போகும்போது வெளியே தலைநீட்டிவிடும். ஒரே தொடர்ச்சியான நீண்ட சுரங்கம் நார்தர்ன் தடத்தில் இருக்கிறது: வடக்கே ஈஸ்ட் ஃபின்ச்லிக்கு அருகில் உள்ளே நுழைந்து, பேங்க் வழியாகத் தெற்கே மார்டன் வரை 27.8 கிலோமீட்டர்.

நம்மவர்கள் அதிகம் போய்வரும் நிலையங்கள் எந்த வகை?

தமிழ்க் கடைகளும் கோயில்களும் உள்ள பகுதிகளை வைத்துக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். ஈஸ்ட் ஹாம் நிலையத்தில் சாலையிலிருந்து படியிறங்கித்தான் நடைமேடைக்குப் போக வேண்டும். ஆனால் இறங்கி நின்று மேலே பார்த்தால் வானம் தெரியும், மழை பெய்தால் நனையலாம். அது திறந்த பள்ளத்தில் செல்லும் பாதை. அந்த நிலையம் திறக்கப்பட்டது 1858-இல், அதாவது உலகின் முதல் பாதாள ரயில் ஓடுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு! வேறொரு ரயில் நிறுவனம் கட்டிய நிலையத்துக்கு டிஸ்ட்ரிக்ட் ரயில்கள் வந்து சேர்ந்தது 1902-இல்தான். 1856-இல் திறக்கப்பட்ட லேட்டன் நிலையம் சென்ட்ரல் தடத்தில் சேர்ந்தது 1947-இல். இப்படிப் பாதாள ரயிலைவிட வயதில் மூத்த பாதாள ரயில் நிலையங்கள் 272-இல் பல உள்ளன.

ஆல்பர்ட்டன் இன்னும் விசித்திரமானது. அங்கே நடைமேடைக்கு மேலே ஏறிப் போக வேண்டும். ஏறுவதற்கு ஒரு காலத்தில் நகரும் படிக்கட்டு இருந்தது. 1951-இல் தேம்ஸ் தென்கரையில் நடந்த பிரிட்டன் திருவிழாக் கண்காட்சியில் பயன்பட்ட படிக்கட்டைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார்கள். 1988-இல் நிறுத்தப்பட்ட அது இன்றும் ஒரு சுவருக்குப் பின்னால் இருக்கிறது. காய்கறிப் பையும் குழந்தையுமாகப் படியேறுகிறவர்களுக்கு இந்த வரலாறு ஆறுதலாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

டூட்டிங் பிராட்வேயும் ஹைகேட்டும் மட்டும் பெயருக்கு ஏற்ற நிலையங்கள். 1926-இல் திறந்த டூட்டிங் பிராட்வேயிலும், முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கும் ஹைகேட்டிலும் ரயில் உண்மையாகவே பூமிக்கு அடியில்தான் நிற்கிறது.

மிக ஆழமான நிலையம் எது?

நார்தர்ன் தடத்திலுள்ள ஹாம்ப்ஸ்டெட். தரையிலிருந்து 58.5 மீட்டர் கீழே நடைமேடை இருக்கிறது. ஆனால் அங்கே ரயில் அப்படியொன்றும் பாதாளத்துக்கு இறங்கிவிடவில்லை. தண்டவாளம் தன் போக்கில் ஓரளவு சமமாகப் போக, அதற்கு மேலே நிலம்தான் குன்றாக எழும்புகிறது. லிஃப்ட் வேண்டாம் என்று உடல் வலுவைக் காட்ட நினைப்பவர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சுழற்படிகளை ஏற வேண்டும். அதே தடத்தில் சற்று வடக்கே நார்த் எண்ட் என்ற நிலையம் பாதி கட்டப்பட்டுக் கைவிடப்பட்டது. திறந்திருந்தால் ஆழத்தில் முதலிடம் அதற்குத்தான் கிடைத்திருக்கும்.

நகரும் படிக்கட்டுகளில் நீளமானது ஏஞ்சல் நிலையத்தில் உள்ளது: 60 மீட்டர் நீளம், 27.5 மீட்டர் உயரம்.

இரண்டு நிலையங்களுக்கு இடையே சராசரியாக எவ்வளவு தூரம்?

402-ஐ 272-ஆல் வகுத்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் இந்தச் சராசரி பயணிக்கு எதையும் சொல்லாது. மிகக் குறைந்த இடைவெளி, பிக்காடிலி தடத்தில் லெஸ்டர் ஸ்கொயருக்கும் காவென்ட் கார்டனுக்கும் இடையே உள்ள 260 மீட்டர். ரயில் வேகம் பிடிப்பதற்குள் நிறுத்தத் தொடங்கிவிடும். லெஸ்டர் ஸ்கொயரில் நகரும் படிக்கட்டில் இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, காவென்ட் கார்டனில் லிஃப்டுக்கு வரிசையில் நின்று, அல்லது பொறுமை இழந்து 193 படிகள் ஏறி வெளியே வருவதற்குள், தெருவிலேயே நடந்து வந்தவர் ஒரு காப்பி குடித்து முடித்திருப்பார். மிக அதிக இடைவெளி, மெட்ரோபாலிட்டன் தடத்தின் வடமேற்குக் கோடியில் சால்ஃபான்ட் அண்ட் லாட்டிமருக்கும் செஷமுக்கும் இடையே உள்ள 6.26 கிலோமீட்டர். அங்கே ஜன்னலுக்கு வெளியே தெரிவது வயலும் மரமும்தான்.

தெருவில் இறங்கி நடந்து பார்த்திராத பலருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருப்பதற்கு வரைபடமும் ஒரு காரணம். ஹாரி பெக் என்பவர் வரைந்து 1933-இல் வெளியான வரைபடம், உண்மையான தூரத்தை மறந்து, நிலையங்களின் வரிசையையும் சந்திப்புகளையும் மட்டும் காட்டுவது. மின்சுற்று வரைபடம் போல நேர்கோடுகளும் சாய்கோடுகளுமாக இருப்பது. அதன் வழிவந்ததைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வழி கண்டுபிடிக்க அதைப் போல உதவுவது வேறில்லை. தூரத்தை மதிப்பிட அதைப் போல ஏமாற்றுவதும் வேறில்லை.

ரயில் மாறாமல் போகக்கூடிய மிக நீண்ட பயணம் எது?

சென்ட்ரல் தடத்தில் கிழக்கே எப்பிங்கிலிருந்து மேற்கே வெஸ்ட் ரைஸ்லிப் வரை, 54.9 கிலோமீட்டர்.

எல்லா நிலையங்களும் லண்டன் நகர எல்லைக்குள் இருக்கின்றனவா?

இல்லை. செஷமும் அமர்ஷமும் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ளன; வாட்ஃபோர்டு ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ளது; எப்பிங் எசெக்ஸில் உள்ளது. மறுபுறம், லண்டன் எல்லைக்குள்ளேயே பாதாள ரயில் நிலையம் இல்லாத பெரும் பகுதிகளும் உண்டு.

தேம்ஸ் நதிக்குத் தெற்கே நிலையங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

272-இல் ஏறத்தாழ முப்பது மட்டுமே தென்கரையில் உள்ளன. தெற்கே வீடு தேடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இது. காரணங்கள் இரண்டு. முதலாவது மண். வடகரையின் அடியில் தடித்துப் பரந்துள்ள களிமண் சுரங்கம் வெட்டுவதற்கென்றே செய்தது போன்றது; நீர் கசியாது, வெட்டினால் சரியாமல் நிற்கும். தெற்கே பல இடங்களில் அந்தக் களிமண் மெலிந்து, மணலும் சரளையும் நீரும் கலந்த அடுக்குகள் வந்துவிடுகின்றன. இரண்டாவது காரணம் வணிகப் போட்டி. தெற்கத்திய ரயில் நிறுவனங்கள் தரைமேல் அடர்த்தியாகப் பாதை போட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவற்றை மின்மயமாக்கத் தொடங்கிவிட்டன. புதியவர்கள் உள்ளே வருவதை அவர்கள் விரும்பவில்லை. டியூப் இல்லை என்பதால் தெற்கில் ரயிலே இல்லை என்று பொருளாகாது. வேறு ரயில் இருக்கிறது, அவ்வளவே. ஆழ்சுரங்க மின்ரயில் உலகில் முதன்முதலில் ஓடியதோ, 1890-இல், தென்கரையின் ஸ்டாக்வெல்லிலிருந்து ஆற்றைக் கடந்து நகருக்குள் செல்லும் பாதையில்தான்.

தொடங்கியபோது எத்தனை நிலையங்கள் இருந்தன?

ஏழு. 1863 ஜனவரி 10 அன்று மெட்ரோபாலிட்டன் ரயில்வே பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தூரத்துக்குப் பொதுமக்களை ஏற்றிச் சென்றது. இடையில் எட்ஜ்வேர் ரோடு, பேக்கர் ஸ்ட்ரீட், இன்று கிரேட் போர்ட்லண்ட் ஸ்ட்ரீட் எனப்படும் போர்ட்லண்ட் ரோடு, இன்று யூஸ்டன் ஸ்கொயர் எனப்படும் கோவர் ஸ்ட்ரீட், கிங்ஸ் கிராஸ் ஆகிய ஐந்து நிலையங்கள். ரயிலை இழுத்தது நீராவி எஞ்சின். சுரங்கத்துக்குள் கரிப்புகை சூழ, விளக்கொளியில் நடந்த அந்தப் பயணத்துக்கு முதல் நாளிலேயே கூட்டம் அலைமோதியது. பேக்கர் ஸ்ட்ரீட்டில் அந்தப் பழைய நடைமேடைகளில் இன்று நின்றாலும், செங்கல் வளைவுக் கூரையும், பக்கச் சுவர்களில் வெளிச்சமும் காற்றும் வருவதற்காக வெட்டிய சாய்வான மாடங்களும் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். பத்து நடைமேடைகள் கொண்ட அந்த நிலையத்தைவிட அதிக நடைமேடைகள் உள்ள நிலையம் பாதாள ரயிலில் வேறில்லை.

ஏழு நிலையங்கள் 272 ஆனது ஒரே திட்டத்தின்படி நடந்ததன்று. போட்டி நிறுவனங்கள் தனித்தனியே பாதை போட்டு, சண்டையிட்டு, கடன்பட்டு, இணைந்து, 1933-இல் பொது நிறுவனம் ஒன்றின் கீழ் வந்தபோதுதான் எல்லாம் ஒரே அமைப்பாயின. ஒரே பெயரில் இரு நிலையங்கள், அருகருகே தேவைக்கு மேல் நெருங்கி நிற்கும் நிலையங்கள், கிலோமீட்டர் கணக்கில் நீளும் இணைப்பு நடைபாதைகள் போலத் தோன்றும் சுற்றுவழிகள் எல்லாம் அந்தப் பழைய போட்டியின் எச்சங்கள்.

மூடப்பட்ட நிலையங்களும் 272-இல் சேருமா?

சேராது. ஆல்டுவிச் 1994-இல் மூடப்பட்டது. லிஃப்டுகளை மாற்றும் செலவுக்கு ஏற்ற பயணிகள் அங்கே வரவில்லை. இன்று திரைப்படப் படப்பிடிப்புகளுக்குப் பயன்படுகிறது. டவுன் ஸ்ட்ரீட் 1932-இல் மூடப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது ரயில்வே நிர்வாகக் குழுவின் பாதுகாப்பு அலுவலகமாக இயங்கியது. சர்ச்சிலும் அங்கே தங்கியிருக்கிறார். பிரிட்டிஷ் மியூசியம் நிலையம், பக்கத்திலிருந்த ஹோபர்ன் நிலையத்தில் சென்ட்ரல் தட நடைமேடைகள் திறக்கப்பட்டதும் 1933-இல் தேவையற்றுப் போனது. தற்காலிகமாக மூடப்படுபவை மட்டும் கணக்கில் நீடிக்கும்.

எலிசபெத் தடத்தை ஏன் சேர்க்கவில்லை?

2022 மே 24 அன்று திறக்கப்பட்ட எலிசபெத் தடம் 41 நிலையங்களைக் கொண்டது. நகரின் நடுவே ஆழ்சுரங்கத்தில் செல்வது. டியூப் வரைபடத்திலேயே இடம்பெற்றிருப்பது. ஒரே அட்டையில் பயணம் செய்யத்தக்கது. ஆனாலும் நிர்வாக முறையில் அது தனி ரயில் சேவை. 1987-இல் தொடங்கிய டாக்லாண்ட்ஸ் இலகு ரயிலும் ஓவர்கிரவுண்டும் அப்படியே. பயணிக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படாமல் போகலாம். எண்ணுகிறவருக்கு இது அடிப்படையானது. எலிசபெத் ரயிலுக்குள் ஏறினால் வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். பழைய ஆழ்சுரங்கங்களின் விட்டம் ஏறத்தாழ 3.56 மீட்டர், அதனால்தான் கதவோரம் நிற்கும் உயரமானவர்கள் தலையைச் சாய்த்துக்கொள்கிறார்கள். எலிசபெத் தடச் சுரங்கங்களின் உள்விட்டம் 6.2 மீட்டர்.

உலகிலேயே பெரியது லண்டன் பாதாள ரயில்தானா?

மூத்தது என்றால் ஆம். பெரியது என்றால் இல்லை. ஷாங்காயும் பெய்ஜிங்கும் தலா 800 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. 1993-இல்தான் முதல் தடத்தைத் திறந்த ஷாங்காய், லண்டன் ஒன்றரை நூற்றாண்டில் கட்டியதைப் போல இரு மடங்கை முப்பது ஆண்டுகளுக்குள் கட்டியிருக்கிறது.

நிலைய எண்ணிக்கை என்று வந்தால் நியூயார்க் முன்னே நிற்கும். அங்கே 472 என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அங்கேதான் எச்சரிக்கை தேவை. உள்ளே இணைந்திருந்தாலும் வெவ்வேறு பாதைகளின் நடைமேடைகளைத் தனித்தனி நிலையங்களாக எண்ணுவது நியூயார்க் வழக்கம். இணைந்தவற்றை ஒன்றாக எண்ணினால் அது 420-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதே வழக்கத்தை லண்டனுக்குப் பொருத்தினால், கிங்ஸ் கிராஸ் ஒன்றே நார்தர்ன், பிக்காடிலி, விக்டோரியா, மேல்தளத்துப் பாதை என்று நான்காகப் பிரிந்துவிடும். இரு நகரங்களின் எண்களை அருகருகே வைத்து வெற்றி தோல்வி பேசும் பட்டியல்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

ஒரே நாளில் எல்லா நிலையங்களையும் பார்த்துவிட முடியுமா?

முடியும், முயன்றவர்கள் இருக்கிறார்கள். 270 நிலையங்கள் இருந்த காலத்தில் பதினாறு மணி நேரத்துக்கும் குறைவாகவே முடித்துச் சாதனை படைத்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்க வேண்டியதில்லை. ரயில் நின்றால் போதும். பாதைகள் முட்டிநிற்கும் கோடிகளுக்கு இடையே ஓட்டமும் பேருந்தும் அனுமதிக்கப்படும்.

272 என்ற எண் அடுத்து எப்போது மாறும்?

பேக்கர்லூ தடத்தை எலிஃபண்ட் அண்ட் காசிலிலிருந்து தென்கிழக்கே லூவிஷம் வரை நீட்ட வேண்டும் என்ற திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அதற்கான வழித்தட நிலம் 2021-இல் சட்டப்படி ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்டது. ஆனால் ஒதுக்கியது நிலம் மட்டும்தான், கட்டுமானத்துக்கான பணம் அன்று. பணி தொடங்கினாலும் சுரங்கம் வெட்டி நிலையம் திறக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை தேர்வில் 272 என்றே எழுதலாம்.